அவருடைய வரிகளுக்கு விட்ட இடம்

கோலார் தங்க வயலின் தெரு நாடகங்களைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பெங்களூர்ச் சிற்றிதழ் ஒன்று கேட்டது. என்னிடம் ஒரு துண்டு நோட்டீஸ்கூட இல்லை.

சுரங்கம் ஓடிய நாட்களில், வெளியே வருகிறவர்களைத் தங்கத்துக்காகச் சோதனை போடுவார்கள். சட்டைப்பையில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் நாடகத் தாள் அகப்பட்டால் விசாரணை. அதனால் நாங்கள் நடித்த நாடகம் எழுதப்படவே இல்லை. அதை உருவாக்கிய பெண், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், ஊரிகத்தில் தொழிலாளர் லைன் வீட்டில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுப்பார். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு சொற்களும் மட்டும். யாரைப் பிடித்து விசாரித்தாலும் முழு நாடகம் கிடைக்காது.

நாடகத்தில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் நடுவழியில் நின்றுபோயிருக்கும்; அதற்குள் இரண்டு தொழிலாளிகள். நானும் என் நண்பனும். மேலே நின்று கேள்வி கேட்கும் மனைவியாக அவர். ஷிப்ட் மாறும் நேரத்தில், சுரங்கக் குழியான ஷாஃப்ட்டின் வாசலில் நடிப்போம். அந்தக் கூச்சலில் எங்கள் காதுகள் அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் காத்திருக்கும்.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். அவருடைய கேள்விகளை எப்படியாவது கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றிருந்தேன். நண்பன் தினமும் ரயிலில் போய் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான். தங்க வயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயிலில் அவனுடன் ஏறினேன். தன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

"அக்கா கேட்ட கேள்வியெல்லாம்?" என்றேன்.

"கடைசி ரெண்டு வார்த்ததான்பா தெரியும். உனக்கு?"

"எனக்கும் அவ்ளோதான்."

"நீ பேப்பர்ல எழுதுறவன்தான? நடுவுல நாலு வரி நீயே எழுதிப் போடு. எவன் வந்து கேக்கப்போறான்?"

"அக்கா கேக்கும்."

"அது எங்கப்பா கீது கேக்க?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் பதில்களை எழுதி, அவருடைய ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வரி வெற்றிடம் விட்டு, அடியில் கடைசி இரண்டு சொற்களை மட்டும் போட்டேன். காரணத்தையும் குறிப்பாக எழுதி அனுப்பினேன்.

இதழ் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த வெற்றிடங்களை மூடியிருந்தார்கள். ஒட்டாமல் நின்ற அந்த இரண்டிரண்டு சொற்களையும் என் குறிப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். 'மூச்சு இருக்குது' என்கிறேன் நான். 'வெளிச்சம் தெரியல' என்கிறான் அவன். யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டு ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

படிக்கத் தடங்கலே இல்லை. நண்பன் போன் செய்தான். "நல்லாத்தான்பா கீது" என்றான்.