மூன்றாவது விரிசல்

எங்கள் பட்டறையில் லேசர் அறையைப் பார்த்துக்கொண்டவன் என் அண்ணன். எல்லோருக்கும் அவன் கறுப்புக்கை. பத்தொன்பது வருஷம் அதே அறை, அதே நாற்காலி. அறைக்கு வெளியே உள்ள மேசையில் பரிசோதனை என் வேலை. வீட்டில் அண்ணன் தங்கை. இங்கே அவன் செய்வதில் நான் குறை கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடல்நீர் இறைக்கும் பம்புகளுக்காக, நிக்கலும் செம்பும் கலந்த உலோகத்தில் உருளைகள் வரும். உப்புநீர் அதை அரிக்காது. ஆனால் உராய்ந்தால் சீக்கிரம் தேயும். போரான் பொடிக்குள் புதைத்து உலையில் வைத்தால் மேலே கெட்டியாக ஒரு தோல் ஏறும். அந்தத் தோலோ முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். லேசரால் அதை உருக்கி அடி உலோகத்தோடு சேர்த்தால்தான் ஒட்டி நிற்கும். உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் முதலில் கறுப்புப் பூச்சு பூச வேண்டும். அதில்தான் அண்ணன் கை கறுத்தது. பூச்சு திட்டுத்திட்டாக இருந்தால் விரிசல்தான்.

பூச்சின் கனத்தை அளக்கக் கருவி இருக்கிறது. அண்ணன் அதைத் தொடவே மாட்டான். "கண்ணு எதுக்குடி இருக்கு?" என்பான். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒளி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணாடி போட்டால் கறுப்பில் எது அடர்த்தி, எது மெலிசு என்று தெரியாதாம். அந்த ஒளி கண்ணைச் சுட்டுவிடும் என்று நான் கத்தாத நாளில்லை.

"நீ உன் வாயை மூடு, நான் என் கண்ண மூடிக்கிறேன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன், பாவி.

போன மாதம் இரண்டு உருளைகளில் விரிசல். மூன்றாவதும் போனால் அறையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்த அறைதான் உயிர். அவன் அசட்டைதான் காரணம் என்று நினைத்து, அண்ணி முன்னாலேயே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான்.

மூன்றாவது உருளைக்குச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெளியே கசியும். கசிந்தது. விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. அவனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி உருளையை மெதுவாகச் சுற்றினான். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ஒண்ணுமே இல்ல. சுத்தமா வந்திருக்கு."

"விளையாடாதண்ணே."

"யாரு விளையாடுறா? எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

அவன் கட்டைவிரல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே இருந்தது. நான் அழுவதைக் கேட்டுத்தான் அவனுக்கும் புரிந்தது.

"எத்தனை நாளாண்ணே?"

"ஆறேழு மாசம் இருக்கும். நேரா பாத்தா நடுவுல மட்டும் ஒண்ணும் தெரியல. ஓரமெல்லாம் தெரியுது." உருளையை மேசையில் வைத்தான். "நீ எழுதிடு."

பரிசோதனை அறிக்கையை எழுதி நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"படிச்சிடு."

உருளை மூன்று, மேற்பரப்பில் விரிசல், நிராகரிக்கப்பட்டது என்று என் வாயாலேயே படித்தேன். தலையாட்டினான்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டான். அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.