பூட்டிய கோப்பும் போட்ட துண்டும்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னை அசத்தியது ரயிலோ பனியோ அல்ல, நீச்சல்குளத்துத் துண்டு. காலையிலேயே வந்து சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விடுகிறார்கள். மத்தியானம்வரை அதை ஒருவரும் தொடுவதில்லை! ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், மதுரை வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி வளர்ந்தவள் நான். சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் இருந்தது. ஒரே வித்தியாசம், நம்மூரில் வண்டி கிளம்பும் நேரமாகியும் துண்டுக்காரர் வராவிட்டால் யாராவது அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் வந்தால் எழுந்துகொள்வார்கள்.

இங்கே என் வேலை வீடியோ கேம் செய்வது. இருவர் தனித்தனியே எழுதிய புரோகிராமை வரிவரியாக ஒன்றுசேர்த்துவிடலாம். ஆட்டம் நடக்கும் இடத்தை வரைந்த மேப் கோப்பு அப்படிச் சேராது; ஒருவர் பூட்டிக்கொண்டு திருத்த வேண்டும், அதுவரை மற்றவர் தொட முடியாது, முடித்ததும் திறந்துவிட வேண்டும். அந்த மேப் வேலையை ராஜபாளையத்தில் மைதீன் நடத்தும் ஏழு பேர் ஆபீசுக்கு நான்தான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பரீட்சை. நம்மூர் நேரம் நான்கு மணிக்குள் மேப் வராவிட்டால் வேலை கைமாறிவிடும்.

நானோ லீவு போட்டுக் குளத்தில் கிடந்தேன். நம்மூர் இரண்டரைக்கு மைதீன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, மன்னிச்சுக்கிடுங்க. மேப்பு ஒங்க பேர்ல பூட்டிக் கெடக்கு. ரெண்டு மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கோம்."

தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் மேப்பில் ஒரு பாலத்தைத் திருத்தி ஏற்றியவள், பூட்டைத் திறக்க மறந்திருக்கிறேன்!

"ஏலே, பூட்ட ஒடைக்க ஒனக்குத்தான் அனுமதி இருக்குல்ல?"

"இருக்குக்கா. ஆனா நீங்க போட்ட துண்ட நான் எப்பிடி எடுக்க?"

"கூறுகெட்ட பயலே, எடுத்து வச்சிட்டு உக்காருல!"

கோபமும் சிரிப்புமாகக் கத்தியதில் குளமே திரும்பிப் பார்த்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மேப் வந்து சேர்ந்தது. வேலை அவர்களுக்கே! ஈரக் காலோடு குதித்தேன்.

பிறகு மேலாளர் கிளாவுஸ் போனில் கேட்டார். "பூட்டை உடைக்க ஒரு பொத்தான்தானே, மைதீன் ஏன் அழுத்தவில்லை?"

"குளத்தில் அடுத்தவர் துண்டை நீங்கள் எடுப்பீர்களா?"

"ஒருபோதும் மாட்டேன்!" பதறிவிட்டார். மேப்பைப் பற்றிப் பேசும்போது குளம் எங்கே வந்தது என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

மைதீன் அந்த மேப்போடு ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: 'அக்கா துண்ட மடிச்சு வச்சிருக்கேன். வந்தா எந்திரிச்சிருவேன்.'

திரும்பிப் பார்த்தேன். இங்கே என் நாற்காலியில் துண்டு போட்டபடியே கிடந்தது, யாரும் உட்காரவில்லை. அங்கே என் இடத்தில் ஆள் உட்கார்ந்தாயிற்று. நான் போய் நின்றால் நிச்சயம் எழுந்துவிடுவான். எழுப்பத்தான் எனக்கு மனசு வராது.