சேர்த்துப் புரட்டிய பக்கங்கள்

நம்பிக் கேட்டவரை ஏமாற்றியதைச் சிறுவயது என்று சொல்லிக் கழித்துவிட முடியுமா? இன்று கல்முனையில் நெல் அவிக்கும் வாசம் வந்தபோது, கடல் கொண்டுபோன எங்கள் சகோதர சங்க மண்டபம் நினைவுக்கு வந்தது. மாலைதோறும் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் கதைப்புத்தகம் வாசிக்க, சங்க உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்பது வழக்கம். எனக்கு வாய்த்தவர், அரிசி ஆலையில் பகலெல்லாம் நெல் அவித்துவிட்டு அந்த வாசத்தோடே வரும், எழுத்தறியாத சலீம் காக்கா; அண்ணன் முறையானவரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். விளையாடப் போகும் அவசரத்தில் நான் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினேன்.

“கிணத்தடியில நிண்ட புள்ள எப்பிடிக் கப்பலுக்க வந்திச்சு?” என்று கேட்டார்.

“நீங்க நித்திரையாகிட்டீங்க காக்கா.”

“ஓம், இருக்கும்,” என்றவர், மறுநாளிலிருந்து நின்றுகொண்டே கேட்டார்.

இப்போது அதே சங்கத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளை விளங்கவில்லை என்றால், நான் சொல்லாமல் விட்டுவிட்ட இடத்தையே முதலில் தேடுகிறேன்.