அப்புசாமியும் என் அறைப் பூட்டும்

என் கொழுந்தன் அப்புசாமி சித்தூரில் ஒரு வேலைக்கும் போனதில்லை. ஊர் நியாயம் பேசியே வயிறு வளர்த்தவன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மாடு வளர்த்துப் பால் ஊற்றி, இந்த வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டினேன். மதியமானால் அவன் என் கட்டிலில்தான் படுப்பான்.

அதனால் என் அறைக்குப் பூட்டு வாங்கினேன். நான் பால் சொசைட்டிக்குப் போன நேரத்தில் அவனே ஆளை வைத்துப் பூட்டை மாட்டியிருந்தான். உள்ளே இருக்க வேண்டிய, சாவியில்லாமல் கையால் திருப்பிப் பூட்டும் திருகு வெளியே இருந்தது. சாவித் துவாரம் உள்ளே இருந்தது. அவன் நினைத்தால் திறக்கலாம், சாவி என் கையில் இல்லாத நேரம் என்னை உள்ளே வைத்தும் பூட்டலாம்.

"திருகு எதுக்கு வெளிய இருக்குது?"

"நல்லதுக்குத்தானுங்க அண்ணி. உள்ள உழுந்து கெடந்தீங்கன்னா ஆரு தொறக்கறது?"

"நான் உழுகறதுக்கு எத்தன வருசமாக் காத்திருக்கறே?"

"பொம்பளைக்கு இத்தன ரோசம் ஆகாதுங்க."

திருப்புளியை எடுத்துப் பூட்டைக் கழற்றினேன். திருகை உள்பக்கம் வைத்தேன். கதவு மூடும்போது பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் இடிக்காதபடி அதையும் திருப்பி மாட்டினேன். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டேன்.

கதவைத் தட்டினான். "அண்ணி, என்ற செல்போனு உங்க கட்டல்ல கெடக்குதுங்க."

"கெடக்கட்டும். கதவ ஓங்கித் தட்டாதே, அது என்ற காசு."