வந்து கூப்பிடுவாங்க

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவரை எல்லோரும் சாவி அண்ணன் என்பார்கள். அவர் வருவதற்கு முன்பே இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் வராந்தாவுக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருட நர்ஸ். வலிக்காமல் ஊசி போடுவதில் பேர் வாங்கியவர். கத்துகிறவரிடமும் குரலை உயர்த்தாதவர். கெட்ட மனுஷர் என்று அவரை ஒருத்தரும் சொன்னதில்லை. பின்னால் அவரை அரித்துத் தின்றதும் அதுதான்.

மாப்பிள்ளை என்று பிறகு பேர் வாங்கியவர் அங்கே வந்தபோது வயது நாற்பத்தொன்று. பிறவியிலிருந்தே கற்றல் குறைபாடு உள்ளவர். நீளமாகச் சொன்னால் புரியாது, நிதானமாகச் சொன்னால் புரியும். இந்த இரண்டாவது விஷயம் வார்டில் யாருக்கும் தெரியாது; தெரிந்த ஒரே ஆள் அவருடைய அம்மா. அந்த அம்மாவை ஒரு நாள் நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. மகன் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் வீசி, தம்பியின் கையைக் கடித்துவிட்டார். தம்பிதான் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா தவறியது அவனுக்குத் தெரியாது, சொன்னாலும் ஏறாது என்று சேர்க்கை மேஜையருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

உள்ளே வர மாட்டேன் என்று கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரின் தோளில் சாவி அண்ணன் கைபோட்டார்.

"அம்மா வந்து கூப்பிடுவாங்க. நீ சமத்தா உள்ள வா."

சொன்ன உடனே வந்துவிட்டார். சாவி அண்ணன் அதைத் தேநீர் குடிப்பதற்குள் மறந்தும் விட்டார்.

மறுநாளிலிருந்து பார்வையாளர் நேரமான நான்கு மணிக்கெல்லாம் புதிதாக வந்தவர் தலை வாரி, கழுத்துப் பொத்தான்வரை போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார். "மாப்பிள்ளை ரெடி" என்று சாவி அண்ணன் ஒரு நாள் சொல்லப்போக, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு நேரம் முடிந்து பூட்டினால் மாப்பிள்ளை கதவில் தலையை மோதிக்கொள்வார். அம்மா, கூப்பிட, இந்த இரண்டு சொல்தான் வாயில். சாவி அண்ணன் கோப்பில் எழுதினார்: 'இறந்துபோன தாய் கூப்பிடுவதாகச் சொல்கிறார். காதில் குரல் கேட்கிறது.' வாரம் இருமுறை வரும் டாக்டர் கோப்பைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை கூடக்கூட நாக்கு தடித்தது. கூப்பிடுவாங்க என்கிறாரா, கூப்பிடுறாங்க என்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. வாயில் ஒன்றுமே இல்லாமல் தாடை எதையோ மென்றுகொண்டே இருந்தது. இப்படி இரண்டு வருஷம்.

அப்புறம்தான் மேலிடத்து உத்தரவில் மூன்று நாள் பயிற்சி வந்தது. கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஒரு பேச்சுப் பயிற்சியாளர் அம்மா வந்தார். சாவி அண்ணன் கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்தார். பேசச் சொல்லித்தருவதென்றால் முதலில் நம் டாக்டருக்குச் சொல்லித்தரட்டும் என்று பக்கத்திலிருந்தவரைச் சிரிக்க வைத்தார்.

மூன்றாம் நாள், ஆளுக்கொரு நோயாளியோடு உட்காரச் சொன்னார் பயிற்சியாளர். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். நமக்குப் புரிந்ததை எழுதக் கூடாது, அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும். சாவி அண்ணனுக்கு வந்தவர் மாப்பிள்ளை. பயிற்சியாளரும் கூட உட்கார்ந்தார்.

"அம்மா இப்ப கூப்பிடுறாங்களா?" என்று கேட்டார் சாவி அண்ணன். எண்ணினார். ஏழு வரும்போது மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

"இப்ப இல்ல. வருவாங்க. வந்து கூப்பிடுவாங்க."

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

மாப்பிள்ளையின் விரல் மேலே வந்து, எதிரே இருந்த சாவி அண்ணனின் மார்பைக் காட்டியது. "இவரு."

சொன்னதை அப்படியே எழுத வேண்டும். சாவி அண்ணன் எழுதினார்.

அன்று மாலை கோப்பை எடுத்துப் பார்த்தார். இரண்டு வருஷமும் அவர் கையெழுத்துத்தான். டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் கோப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார். அம்மா இறந்த செய்தியைத் தானே சொல்வதாகச் சாவி அண்ணன் சொன்னார். தூங்குறாங்க, சாமிகிட்ட போயிட்டாங்க என்றெல்லாம் சுற்றி வளைக்கக் கூடாது, நேராகச் சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். தம்பி அம்மாவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

சாவி அண்ணன் படத்தைக் காட்டினார். "அம்மா செத்துட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. நான் சொன்னது தப்பு."

பத்து போனது. இருபது போனது. மாப்பிள்ளை குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றின் முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. சாவி அண்ணன் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தார். கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புண்ணாகியிருந்தன. கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமே என்று தூங்கும்போதும் மாட்டியிருந்திருக்கிறார்.

சில வாரம் அழுதார். தலையை மோதுவது நின்றது. எட்டு மாதத்தில் மாத்திரை பெருமளவு குறைந்தது, நாக்கும் தெளிந்தது. தாடை மட்டும் நிற்கவே இல்லை. அது மாத்திரையால் வந்தது, இனி நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவர் இன்னும் நான்கு பேரோடு, துணைக்கு ஆள் இருக்கும் ஒரு வீட்டில் இருக்கிறார்.

சாவி அண்ணன் அந்தப் பயிற்சியாளரோடு சேர்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கிறார். 'ஒரு நர்ஸ் இப்படிச் செய்தார்' என்று கதையாகச் சொல்ல மாட்டார். 'நான் செய்தேன்' என்பார். தெருவில் யாராவது அழும் பிள்ளையிடம் அப்பா இப்ப வந்துடுவார் என்று சொல்லிக் கேட்டால், அவருக்குக் கால் நகராது. தூக்கத்தில் உங்கள் தாடையும் மெல்லுகிற மாதிரி ஆடுகிறது என்று மனைவி ஒரு காலையில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுக்கிறார்.

ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குப் போவார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து முதலில் ஒன்று கேட்பார்.

"அம்மா இன்னிக்கும் செத்துத்தான் இருக்காங்களா?"

"ஆமா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

அதன் பிறகுதான் உள்ளே கூட்டிப்போவார். ஒரு ஞாயிறு காய்ச்சலால் சாவி அண்ணன் போகவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எத்தனை தரம் பதில் சொல்லியும் மாப்பிள்ளை ஏற்கவில்லையாம், வாசலிலேயே நின்றாராம். மற்றவர்கள் சொல்வதை அவர் நம்புவதில்லை.