பஞ்சு பயப்படப் போன மலை

டிப்போவில் அவருக்குப் பஞ்சு என்று பேர். ஆள் மெத்தென்று இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவர் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம், அதனால் வந்த பேர். கேன்டீனில் யாராவது வேகத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டால், "ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு வயித்துல கொஞ்சம் பயம் இருக்கணும்பா. இல்லாதவன் கீழ இறங்கிடணும்" என்பார்.

அப்படிப்பட்டவரின் பஸ்ஸில்தான் ஒருவர் அடிபட்டுச் செத்துப்போனார். ஓரமாக நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து, போனில் பேசிக்கொண்டே, நேராக முன்சக்கரத்துக்கு வந்துவிட்டார். விசாரணையில் டிரைவர் மேல் தப்பில்லை என்று முடிவானது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த ஊர் வாயே பஞ்சு விஷயத்தில் பரிதாபப்பட்டுத்தான் பேசியது.

கஷ்டம் அதுவல்ல. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை, தூக்கம்கூடக் கெடவில்லை. செத்தவரின் தம்பி வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து தேம்பியபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் போனதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவ்வளவுதான்.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தா எப்படிங்க? என்னைத் திட்டவாவது திட்டுங்களேன்" என்றாள் மனைவி. தையற்கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவள், ஊசியைவிட வாய் கூர்மை.

"உன்னை எதுக்குத் திட்டணும்?"

"சாப்பாட்டுல வேணும்னே உப்பை அள்ளிக் கொட்டினேன். அதுகூடவா தெரியல?"

தெரிந்துதான் இருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

விபத்துக்குப் பிறகு கொடுத்த லீவு அன்றோடு முடிகிறது. மறுநாள் வண்டி எடுப்பாரா, இல்லை டிப்போவுக்குள்ளேயே ஏதாவது வேலை தரட்டுமா என்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர். பஞ்சுவுக்கு ஒரே கேள்விதான். பயம் மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால், ஊருக்குச் சொன்ன சட்டம் அவருக்கும்தானே.

அதைப் பார்க்கத்தான் மலைக்குக் கிளம்பினார். கல்யாணமான புதிதில் இருவரும் அங்கே போயிருந்தார்கள். உச்சியில் ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே வெறும் பள்ளம். அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். இவர் வயிற்றால் ஊர்ந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதையைக் கேட்காத விருந்தாளி அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

குளிர்காலத்தில் அந்த மலைக்கு யார் போகிறார்கள்? அடிவாரத்துக் கடைக்குப் பூட்டு. பாதையெங்கும் காய்ந்த புல், அதன் மேல் உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரு பறவைகூட வாய் திறக்கவில்லை. பாதி ஏறுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு விரலைக் கடித்துப் பார்த்தார், வேறு யாருடைய விரலையோ கடித்தது போலிருந்தது. 'சரிதான், இப்ப உள்ளேயும் வெளியேயும் ஒண்ணாயிடுச்சு' என்று நினைத்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு கல் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. எழுந்து மேலே போனார்.

உச்சியில் மூடுபனி விலகியிருந்தது. பாறையின் விளிம்புக்கு நின்ற வாக்கிலேயே நடந்து போனார். எட்டிப் பார்த்தார். கீழே மரங்கள் கீரைக்கட்டு அளவுக்குத் தெரிந்தன. உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார். ஆட்டியும் பார்த்தார். வயிறு சும்மா கிடந்தது. பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றார். சரி, மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். அதற்கும் வருத்தம் வரவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"மலையில."

"எந்த மலையில? இந்தக் குளிர்லயா?"

"அதான், அந்தப் பாறை. உக்காந்திருக்கேன். காலைத் தொங்கப்போட்டு."

அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஸ்டூல் சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மாறி வந்தது. "அங்கேயே இருங்க. ஐயோ இல்ல, அங்க இருக்காதீங்க. பின்னால தள்ளி வாங்க. மெதுவா இறங்குங்க. நான் வரேன். என்னங்க, கேக்குதா?"

"வா" என்றார் பஞ்சு. அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பதுகூட அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை, பாருங்கள்!

இறங்கிக் கடைசிச் சரிவுக்கு வந்தபோது கீழே சாலை தெரிந்தது. சாலையின் அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். தையற்கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்காமல் சாலைக்குக் குறுக்கே ஓடிவந்தாள். வளைவில் பஸ் திரும்பியது.

"ஏய்!" என்று கத்தினார் பஞ்சு. அவருடைய வலதுகால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை ஓங்கி மிதித்தது. மண் சரிந்து, மல்லாக்க விழுந்து, புல்லோடு புல்லாக வழுக்கிக்கொண்டே வந்தார். கீழே டயர் தேய்கிற சத்தம் அவர் அடிவயிற்றைப் பிடுங்கியது.

பஸ் அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று கத்தினான். பஸ் போய்விட்டது.

பஞ்சு எழுந்து அவளிடம் ஓடினார். அவள் தோளைப் பிடித்தார். அவளை அப்படியே ரோட்டோரத்துக்கு இழுத்துப் போய் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலங்க. இங்கதான இருக்கேன்."

"அந்த ஆளு..." என்றார். "அந்த ஆளு யார்கிட்ட பேசிட்டிருந்தாரோ. போன் கீழ விழுந்து கிடந்துச்சு. அதுல இருந்து ஹலோ ஹலோன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சு."

இத்தனை நாளாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"சரி, விடுங்க. நீங்க நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம். மேனேஜர்கிட்ட நானே பேசறேன்."

பஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அடிவயிற்றில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

"இல்ல" என்றார். "இப்ப எடுக்கலாம்."