சங்கரன் போட்ட எட்டு பேனல்

என் வீட்டுக்காரர் சங்கரன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். ரிட்டயர் ஆன கையோடு எங்கள் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் எட்டு சோலார் பேனல் போட்டார். அதற்கப்புறம் மனுஷர் என் உயிரை வாங்கிவிட்டார்.

பூ கொடுக்க வருகிறவளைக்கூட விட மாட்டார். "இது சூட்டுல ஓடறதில்லேம்மா, வெளிச்சத்துல. வெளிச்சம் பட்டா சிலிக்கான் தகட்டுல எலெக்ட்ரான் நகர ஆரம்பிக்கும். அதான் கரண்ட். மாடிப்படிகிட்ட இருக்கே இன்வர்ட்டர், அது அந்தக் கரண்டை ஃபேனுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கும்." அவள் பூவை முழம் போட்டபடியே தலையாட்டுவாள். தினமும் மத்தியானம் இன்வர்ட்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு, "நீரஜா, ரெண்டரை கிலோவாட்" என்று படியிலிருந்தே கத்துவார். "சாதம் ஆறறது" என்பேன் நான். வேறென்ன சொல்வது? அந்தக் கத்தலுக்கு இப்போது ஏங்கிக் கிடக்கிறேன்.

அவர் போய் ஏழு மாதம். மார்கழி பிறந்ததும் அந்த எண் பாதிக்கு இறங்கிவிட்டது. "ஓடாத சாமான் எதுக்கும்மா? கழட்டிடலாம்" என்றான் புனேயில் இருக்கும் என் பிள்ளை ஸ்ரீநாத். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் எங்கே இருக்கிறார்? பேனல் மாட்டிக் கொடுத்த அப்துல் கய்யூமைக் கூப்பிட்டேன்.

கய்யூம் மாடியைச் சுற்றிப் பார்த்தார். "பேனல் நல்லாதான் கீது மாமி. நெழல் விழுது, அதான். எட்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஒண்ணுல நெழல் பட்டாலும் மொத்தமும் படுத்துக்கும்."

"என்ன நிழல் பாய்?"

தெற்குப் பக்கம் உயரமாகக் கட்டியிருந்த மடிக்கொடியைக் காட்டினார். "சூரியன் இப்ப தெக்க சாஞ்சு போவுது. சார் இருந்தப்ப சாயங்காலம் ஒலத்தி, விடிஞ்சதும் எடுத்துடுவாரு. பகல்ல இங்க துணியே கெடயாது."

கொடியில் சங்கரன் பஞ்சகச்சம் கட்டுகிற நீளமான பத்தாறு வேஷ்டி. தினமும் காலையில் நான்தான் தோய்த்து உலர்த்துகிறேன். யார் உடுத்த என்று கய்யூம் கேட்கவில்லை. மடித்துணி, பிறர் தொடக்கூடாது என்று தெரிந்தவர், கிட்டே போகவும் இல்லை. "நீங்களே எடுங்க மாமி" என்று தள்ளி நின்றுகொண்டார்.

கோலால் வேஷ்டியை இறக்கினேன். கய்யூம் கீழே போய் இன்வர்ட்டரைப் பார்த்துவிட்டு, "ஏறிக்கினே கீது மாமி" என்று குரல் கொடுத்தார்.

ஸ்ரீநாத்துக்கு ஃபோன் செய்தேன். "கழட்ட வேண்டாம்டா. நன்னா ஓடறது."

"என்னம்மா ரிப்பேர்?"

"ஒண்ணுமில்லே. உங்கப்பா வேஷ்டியை இன்னும் தினமும் தோய்ச்சு உலர்த்திண்டிருந்தேன்."

"இப்ப எண் எவ்வளவும்மா?" என்றான். ஃபோனை வைக்காமலே மாடிப்படிக்குப் போய், இன்வர்ட்டரைப் பார்த்து அவனுக்குப் படித்துச் சொன்னேன்.